ஒரே சுற்றில் நின்ற கணக்கு

அத்தியாயம் 7

ஆஸ்பத்திரி ஜெனரேட்டரின் குடலையெல்லாம் உருவி முற்றத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். கொசுறு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நாளைக்குச் சாயங்காலம்தான் திரும்ப மாட்டுவோம்," என்றான் மெக்கானிக். "அதுவரைக்கும் கரன்ட் போகக்கூடாதுன்னு வேண்டிக்கோங்க. ஐ.சி.யூ. மெஷினுக்கு பேட்டரி இருக்கு. இருபது நிமிஷம் தாங்கும்."

"இருபத்தோராவது நிமிஷம்?"

மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டான்.

"கொசுறு, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வா," என்றாள் அண்ணி.

அண்ணி இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் முங்கிய லாரிகளையும் முகர்ந்து பார்த்துப் பொய்யைப் பிடித்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். கொசுறு அவள் கணவனின் தம்பி. நிறுவனத்தில் உனக்கு என்ன பதவி என்று யாராவது கேட்டால், "அண்ணியை வேலைக்கு வெச்சா நான் இலவசம்" என்பான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அந்த மனைவி உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு உள்ளே அவள் கணவன் ஒன்பதாவது நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார். மெஷின் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன்னால் பாதி நகரம் திடீரென்று இருண்டது. சிக்னல் அணைந்த சந்திப்பில் ஒரு வேனும் பஸ்ஸும் மோதி மூன்று பேர் செத்துப்போனார்கள். அன்று ஒரு பெரிய மின்பாதையைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது என்று காலையில் கணக்குப் போட்டுச் சொன்னது மின் கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் இன்ஜினியர் என்று காகிதம் சொன்னது. மறுநாள் அவர் அதே கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்தார். மனசு தாங்காமல் குதித்துவிட்டார் என்று எழுதி ஆபீஸ் ஃபைலை மூடிவிட்டது. மனைவி மூட விடவில்லை; அண்ணியைத் தேடி வந்தாள்.

"அவரு குதிக்கிற ஆளு இல்லீங்க மேடம். வீட்டைப் பூட்டினோமான்னு பாதி வழியில இருந்து திரும்பி வர்ற ஆளு. தப்புன்னு தெரிஞ்சா முதல்ல இருந்து திரும்பப் போட்டுப் பாப்பாரு. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நேத்து மத்தியானம் விரல் அசைஞ்சுது. எப்ப வேணா முழிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. முழிச்சதும் அவரே சொல்லிடுவாரு, பாருங்க."

"சொல்லாம எங்க போகப் போறான்?" என்றபடி டீ டம்ளர்களோடு வந்தார் ஒருவர். ஷிப்ட் இன்ஜினியரோடு இருபது வருஷமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். கூட்டாளி என்றுதான் வீட்டிலும் ஆபீசிலும் பெயர். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் இந்த பெஞ்சிலேயே கிடந்து அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"இந்த அண்ணன் மட்டும் இல்லேன்னா நான் ஒத்தையில மண்டையப் போட்டிருப்பேன்," என்றாள் மனைவி.

கொசுறு டீயை வாங்கிக்கொண்டான். "அண்ணே, அந்தக் கணக்கு கணக்குங்கறாங்களே, அது என்ன கணக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் எட்டாவதுலயே கணக்கோட டூ விட்டவன்."

கூட்டாளி லேசாகச் சிரித்தார். "எந்தக் கம்பியில எவ்வளவு கரன்ட் ஓடும்னு நேரா கண்டுபிடிக்க முடியாது தம்பி. ஒரு ஸ்டேஷன்ல வோல்டேஜ் மாறினா எல்லா ஸ்டேஷன்லயும் மாறும்."

"ஒரு போர்வைக்குள்ள ஆறு பேர் படுத்த மாதிரி. ஒருத்தன் இழுத்தா அஞ்சு பேருக்குக் கால் தெரியும்."

"அதேதான். அதனால முதல்ல குத்துமதிப்பா எல்லா ஸ்டேஷனுக்கும் ஒண்ணுன்னு எழுதிக்குவோம். அப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷனா திருத்திக்கிட்டே போகணும். கடைசி வரை போனா ஒரு சுத்து. திரும்ப முதல்ல இருந்து. சுத்தச் சுத்தத் திருத்தம் சின்னதாகும். திருத்த ஒண்ணுமே இல்லைன்னா கணக்கு நின்னுச்சுன்னு அர்த்தம். நின்னா கம்பிங்க தாங்கும். நிக்காம ஆடிக்கிட்டே இருந்தா, அந்தப் பாதையில கை வைக்கக்கூடாது. இப்பல்லாம் வேகமான முறை வந்துடுச்சு. நானும் இவனும்தான் பழைய முறை. அதுலயும் இவன் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுல இருந்தே ஆரம்பிப்பான். ஆபீஸ்ல இவன் பேரே செக்குமாடு."

மனைவி கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் சுத்தமாத்தான் போட்டான்," என்றார் கூட்டாளி, குரலைத் தாழ்த்தி. "நூத்திப் பதினேழு சுத்து. என் கண்ணால பாத்தேன். ஒரு ஊரு எவ்வளவு கரன்ட் இழுக்கும்ங்கறதுதான் சுமை. எங்கயோ ஒரு சுமை எண்ணைத் தப்பா அடிச்சிருக்கான், அவ்வளவுதான். ஆளு தங்கம்." கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு டியூட்டி. வர்றேன்மா. ஜெனரேட்டரைப் பத்திக் கவலைப்படாத. கரன்ட்டை நிறுத்தாதீங்கன்னு ஆஸ்பத்திரியில குடுத்த லெட்டரை நானே வாங்கி வெச்சிருக்கேன்."

அவர் போன பிறகு கொசுறு பார்க்கிங் சீட்டின் பின்புறத்தில் 117 என்று கிறுக்கிக்கொண்டான். காதில் விழுவதையெல்லாம் எழுது, எது உதவும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அண்ணியின் கட்டளை.

கட்டுப்பாட்டு அறைக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அந்த மாடிப்படியில் ஏறும்போது அண்ணி கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுவர் அவள் நெஞ்சு வரை வந்தது.

"இதுல இருந்து குதிக்கணும்னா முதல்ல ஏறணும்," என்றாள். "அவரு உன்னைவிட ஒரு சாண் குள்ளம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"தூக்கிவிட ஆள் வேணும்கறீங்க."

அண்ணி கீழே எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள். படியின் அடியில் யாரோ கழுவிவிட்டும் போகாத ஒரு கருப்புத் திட்டு இருந்தது. கொசுறு அதை மிதிக்காமல் தாண்டித்தான் ஏறி வந்திருந்தான்.

முதல் மாடியில் பதிவறை. அதே ஆபீசின் திட்ட அதிகாரி அவர்களுக்காகக் காத்திருந்தார். சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையாத ஆள். ஷிப்ட் இன்ஜினியரைப் பற்றிப் பேசும்போது அவர் உதடு கோணியது.

"செக்குமாடு மேடம். அந்தக் காலத்து முறை. என்னோடது குதிரை. எல்லா ஸ்டேஷனையும் ஒரே தாவுல திருத்தும். நாலு தாவு, மிஞ்சிப் போனா அஞ்சு. முடிஞ்சுது."

"குதிரை விழாதா?"

"விழும்," என்றார், கொஞ்சம் தயங்கி. "கம்பிங்க தாங்குற எல்லைக்குப் பக்கத்துல போனா, முதல் தாவே தப்பான பக்கம் போயிடலாம். அப்போ மாட்டைத்தான் தேடணும்."

அவர் நீளமான மடிப்புக் காகிதக் கட்டுகளை மேசையில் போட்டார். ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் இயந்திரமே அச்சடிப்பது. தேதி, நேரம், போட்டவர் பெயர், மேசை, எத்தனை சுற்று, நின்றதா இல்லையா. யாராலும் அழிக்க முடியாது.

அண்ணி எந்த வரியையும் வாலிலிருந்துதான் படிப்பாள். சுற்று எண்ணிக்கைக்கு மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே போனாள். ஷிப்ட் இன்ஜினியர் பெயரில் 94. அப்புறம் 121. 88. 103. நகரம் இருண்ட நாள் காலை ஏழு ஐம்பதுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன, ஒண்ணு?"

"ஒண்ணா?" திட்ட அதிகாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒரே ராத்திரியில செக்குமாடு ராக்கெட் ஆயிடுச்சு போல," என்றான் கொசுறு.

"ஒரே சுத்துல நிக்கணும்னா ஒரு வழிதான் இருக்கு," என்றார் திட்ட அதிகாரி. குரலில் இருந்த கஞ்சி இறங்கிவிட்டது. "விடையைக் கையில வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும். ஏற்கெனவே போட்டுச் சேமிச்ச விடையில இருந்து கிளப்பினா, முதல் சுத்துல திருத்த ஒண்ணுமே இருக்காது. நின்னுடும்."

"பரீட்சைக்கு முன்னாடியே விடைத்தாளோட வந்திருக்கான் ஒருத்தன்," என்றான் கொசுறு.

"இவரு அப்படி ஆரம்பிப்பாரா?" அண்ணி கேட்டாள்.

"செத்தாலும் மாட்டாரு. அதுக்காகத்தானே நாங்க கிண்டலே பண்ணுவோம். நேத்து விடை நேத்தோட போச்சும்பாரு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாங்க யாரும் இதைப் பாக்கல மேடம். நின்னுச்சா, நிக்கலையா, அதை மட்டும்தான் பாப்போம். பாஸ்வேர்டும் எல்லாரோடதும் எல்லாருக்கும் தெரியும். கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருக்கோம்."

கொசுறின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பார்க்கிங் சீட்டை எடுத்து அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணி, கூட்டாளி என்ன சொன்னாரு? நூத்திப் பதினேழு சுத்து, கண்ணால பாத்தேன்னாரு. அன்னைக்குக் காகிதத்துல ஒண்ணுதானே இருக்கு. அப்ப நூத்திப் பதினேழை எங்க பாத்தாரு?"

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் ஒரு மாசத்துக்கான பாராட்டு இருந்தது. கட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு நாள். இரண்டு நாள். மூன்றாவது நாள் தாளில் அது இருந்தது. அதே மின்பாதை, யாரோ மூன்றாமவர் பெயர், மூன்றாம் மேசை, 117 சுற்று.

திட்ட அதிகாரி சுமைப் பட்டியலில் விரலை ஓட்டினார். "இந்த ஊருக்குச் சுமை நாப்பத்திரண்டு மெகாவாட்டா? யாரு சொன்னா? அறுபத்தொண்ணு. அறுபத்தொண்ணு போட்டா இந்தக் கணக்கு சாமானியத்துல நிக்காது. அந்தப் பராமரிப்பு வேலை நாலு தடவை தள்ளிப் போச்சு. இந்தத் தடவை தேதி குடுத்துட்டேன், நடத்திக் காட்டறேன்னு அவருதான்..."

"மூணாம் மேசை யாரோடது?"

"கூட்டாளியோடது," என்றார் அவர். இவ்வளவுதானா விஷயம் என்று கொசுறுக்கு வயிறு எரிந்தது. ஒரு ஊரின் சுமையைக் கொஞ்சம் சுருக்கி எழுதி, அடுத்தவன் பெயரில் அச்சடித்து, மூன்று உயிர். அதைக் கண்டுபிடித்துக் கேட்ட சிநேகிதனைப் படியிலிருந்து தூக்கிப் போட்டு, அவன் பெண்டாட்டிக்கே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு...

"கடைசித் தாள்," என்றாள் அண்ணி. "இந்தக் கட்டுலயே கடைசியா அடிச்ச தாள்."

திட்ட அதிகாரி எடுத்து நீட்டினார். நேற்று மாலை ஆறு பத்து. பெயர் திட்ட அதிகாரியுடையது. பழைய முறை. சுற்று 1.

"நான் அஞ்சரைக்கே வீட்டுக்குப் போயிடுவேன்! நான் ஏன் மாட்டு முறையில..."

"எந்தப் பாதை?"

"மேற்குப் பாதை. இன்னைக்கு ரெண்டரைக்கு நிறுத்தணும்னு..." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறது அதுதான் மேடம். நிறுத்தாதீங்கன்னு அங்க இருந்து லெட்டர் எதுவும் எங்களுக்கு வரலையே."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று அடிக்க எட்டு நிமிஷம் இருந்தது. தலைக்கு மேலே டியூப் லைட் ஒரு தடவை மங்கி, மறுபடி பிரகாசமானது.

மூவரும் அந்தக் கருப்புத் திட்டு கிடந்த படியில் இரண்டு இரண்டாக இறங்கி ஓடினார்கள்.

கீழே கட்டுப்பாட்டுக் கூடத்தில் சுவர் முழுக்க மின்பாதைகளின் வரைபடம் சின்னச் சின்ன விளக்குகளோடு எரிந்தது. மேற்கில் ஒரு கோடு அணைந்திருந்தது. நடு நாற்காலியில் கூட்டாளி டெலிபோனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தியாச்சா?" என்று கத்தினார் திட்ட அதிகாரி.

"ரெண்டரைக்கே. பன்னண்டு பேர் கம்பி மேல வேலை பாக்கறாங்க. ஏன், உங்க கணக்குதானே?"

"திரும்பக் குடுங்களேன் கரன்ட்டை!" என்றான் கொசுறு.

"குடுத்தா அந்தப் பன்னண்டு பேரும் கருகிடுவாங்க," என்றார் திட்ட அதிகாரி. "அவங்க இறங்க முக்கா மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மில்லுங்க எல்லாம் மதிய ஷிப்டுக்கு மெஷின் போட்டுருவாங்க. மிச்சம் இருக்கிற ஒரே பாதை தாங்காது. எங்கயாவது சுமையை வெட்டணும். தப்பான இடத்துல வெட்டினா ஆஸ்பத்திரியும் சேர்ந்து போயிடும்."

அவர் பக்கத்து மேசையில் பாய்ந்து தன் குதிரையை அவிழ்த்துவிட்டார். முதல் தாவில் எண்கள் பரவாயில்லை. இரண்டாவதில் ஒரு ஸ்டேஷனின் வோல்டேஜ் நாற்பது மடங்கு காட்டியது. மூன்றாவதில் திரை முழுக்கக் குப்பை.

"விழுந்துடுச்சு," என்றார். நெற்றியில் வியர்வை கோர்த்திருந்தது.

கொசுறு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டான். மனைவிதான் எடுத்தாள். இங்கே லைட் விட்டு விட்டு எரியுது, நர்ஸுங்க ஓடறாங்க, என்ன ஆச்சு என்றாள். லைனிலேயே இரும்மா என்றான். ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தான்.

அண்ணி கூட்டாளியின் முன்னால் பார்க்கிங் சீட்டை வைத்தாள்.

அவர் அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் ஆஸ்பத்திரியில் பார்த்த முகமாக இல்லை.

"நான் வாயை விட்டுட்டேன் இல்ல?" என்றார். "சுத்து எண்ணைச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இத்தனை சுத்துல நிறுத்தினேன்னு பெருமை பேசிப் பேசி..." சீட்டைத் தள்ளி வைத்தார். "மூணு பேர் சாவாங்கன்னு சத்தியமா நினைக்கலம்மா. எல்லை பக்கத்துலதான் நிக்குது, ஒரு நாள் தாங்கும்னு நினைச்சேன். அவன் பழைய தாளைக் கண்டுபிடிச்சுட்டான். வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடுவோம்னு கையைப் பிடிச்சு இழுத்தான்."

"அதையெல்லாம் சொல்ல உங்களுக்கு நிறைய நாள் கிடைக்கும்," என்றாள் அண்ணி. "இப்போ கணக்கைப் போடுங்க."

"நான் எதுக்குப் போடணும்? அவன் முழிச்சா நான் செத்தேன்."

"அதோ அந்த முள்ளைப் பாருங்க."

பலகையின் மேற்கு மூலையில் வோல்டேஜ் முள் மெல்ல மெல்லக் கீழே சாய்ந்துகொண்டிருந்தது. கூட்டாளி பார்க்காமல் இருக்க முயன்றார். தலையைத் திருப்பினார். மறுபடி பார்த்தார்.

"இருபது வருஷமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க," என்றாள் அண்ணி. "அந்த முள் விழும்போது ஒரு தடவையாவது கையைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கீங்களா?"

முள் இன்னும் ஒரு கோடு இறங்கியது. கூட்டாளியின் கை கீபோர்டுக்குப் போனது. அவர் அனுப்பின மாதிரி தெரியவில்லை, கையே போன மாதிரி இருந்தது.

"பழைய விடை வேண்டாம்," என்றாள் அண்ணி. "ஒண்ணுல இருந்து."

செக்கு சுற்ற ஆரம்பித்தது. பத்து சுற்று. இருபது. திருத்தம் குறைவதாக இல்லை. "நிக்காது," என்று முணுமுணுத்து அழித்துவிட்டு, இரண்டு மில்களின் சுமையை எடுத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். நாற்பது. ஐம்பது. குறைந்து வந்த திருத்தம் மறுபடி ஏறியது. டியூப் லைட்டுகள் அத்தனையும் பழுத்து மஞ்சளாயின. ஸ்பீக்கரில் மெஷின்கள் கீச்சிடும் சத்தம் கேட்டது. ஐயோ பேட்டரிக்கு மாறிடுச்சுங்கறாங்க என்று அந்தப் பெண் அழுதாள். கொசுறு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்ல ஒரு ஜோக்கும் இல்லாமல் நின்றான்.

கூட்டாளி மூன்றாவது தடவை ஆரம்பித்தார். இந்தத் தடவை வடக்குக் குளிர்பதனக் கிடங்கையும் எடுத்துவிட்டார். எழுபது. எண்பது. திரையில் திருத்தம் சிறுத்து, இன்னும் சிறுத்து, பூஜ்யங்களாகிக்கொண்டே போய் அசையாமல் நின்றது.

"நின்னுச்சு!" டெலிபோனைப் பிடுங்கி அவரே உத்தரவு கொடுத்தார். "ரெண்டு மில்லுக்கும் போற பீடர் லைனை வெட்டு. கிடங்கு பீடரையும் வெட்டு. ஆஸ்பத்திரியைத் தொடாத. இப்பவே!"

பலகையில் மூன்று விளக்குகள் அடுத்தடுத்து அணைந்தன. முள் ஒரு நடுக்கம் நடுங்கி, தயங்கி, மேலே ஏறியது. தலைக்கு மேலே வெளிச்சம் வெள்ளையானது.

திட்ட அதிகாரி நாற்காலியில் சரிந்தார். கூட்டாளி எழுந்திருக்கவில்லை. போலீஸுக்குச் சொல்ல அண்ணி தன் போனை எடுத்தாள்.

அப்போது மேசையிலிருந்த ஸ்பீக்கரில் மனைவியின் குரல் மறுபடி வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"கரன்ட் வந்துடுச்சுங்க! என்னை உள்ள விட்டாங்க. அவரு கண்ணைத் திறந்துட்டாரு! வாயில குழாய் இருக்கு, பேச முடியல. என் உள்ளங்கையில விரலால என்னமோ எழுதறாரு. முதல்ல ஒண்ணு. இன்னொரு ஒண்ணு. அப்புறம் ஏழு. திரும்பத் திரும்ப அதையே எழுதறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அங்க அண்ணன் இருக்காரா? அவருக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுச் சொல்றீங்களா?"

கொசுறு கூட்டாளியைப் பார்த்தான். அவர் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்னு சொல்லுங்க தம்பி," என்றார்.